மீன் திரும்பும் இடம்

வண்டிச் செயின் லாக்கின் மூடிய பக்கம் ஓட்டத்தின் திசையைப் பார்க்க வேண்டும் என்று பூங்கோதைக்கு முதன்முதலில் சொன்னவள் பிலோமினா, தையலாசிரியை பிலோமினா, கொல்லிமலைப் பள்ளியில் இவள் தமிழ் கற்பித்த காலத்தில் அடுத்த அறையில் பெண்பிள்ளைகளுக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொடுத்தவள், இந்த மலையில் மோட்டார் சைக்கிள் ஏறிய முதல் டீச்சர் தான்தான் என்று யாரும் கேட்காமலேயே அறிவித்துக்கொண்டவள். அவள் சொன்ன வாக்கியம் இத்தனை ஆண்டு கழித்து, சேந்தமங்கலத்து வீட்டின் அடுக்களையில், ஊறிய மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருக்கும் காலை நேரத்தில் எதற்காக வந்து நிற்க வேண்டும்? மொச்சைதான் காரணம். தோலின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை பிளந்து பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே பாய்கிறது. பிளந்த பக்கமாகத்தான் எதுவும் வெளியேறும். மூடிய பக்கமாக எதுவும் வெளியேறாது. அப்படி நினைத்த அந்த நொடியிலேயே பூங்கோதையின் விரல்கள் நின்றுவிட்டன. காலையில் மகள் நப்பின்னையின் வண்டிக்கு லாக் மாட்டினாளே, அந்த லாக்கின் மூடிய பக்கம் எந்தத் திசையைப் பார்த்தது? கண்ணுக்குள் படம் தெளிவாக இருந்தது. அது பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மீன் என்றுதான் பிலோமினா அதைச் சொல்வாள். செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கிற கண்ணி ஒன்று, அதில் இரண்டு முளைகள், முளைகளின் மேல் ஒரு தகடு, தகடு கழன்றுவிடாமல் கவ்விப் பிடிக்க எஃகில் ஒரு சின்னஞ்சிறு கிளிப். ஒரு பக்கம் மூடி உருண்டு, மறுபக்கம் வாலாகப் பிளந்து, பார்த்தால் அயிரை மீன் குஞ்சு போலவே இருக்கும். "மீனோட தலை முன்னாடி, வால் பின்னாடி. எந்த மீனாச்சும் வாலை முன்னாடி விட்டு நீந்துமாங்க, புலவரம்மா?" எதிரே கல்லோ குச்சியோ தட்டினால் தலை தாங்கும். வால் முன்னே இருந்தால் தட்டிய வேகத்தில் கிளிப் பின்னுக்குத் தள்ளப்பட்டு, மொச்சைப் பருப்பு போல வழுக்கிக்கொண்டு போய்விடும். பிறகு தகடு, பிறகு கண்ணி, பிறகு செயின். பிறகு நப்பின்னை. பூங்கோதை பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபோது அங்கே காலையில் செயினிலிருந்து ஒட்டிய கறுப்பு மசி கண்ணில் பட்டது. வெளுத்த பருத்திச் சேலையில் கட்டைவிரல் ரேகையோடு பதிந்திருந்த மசி. குற்றம் நடந்த இடத்தில் தன் ரேகையைத் தானே பார்ப்பது போல அதைப் பார்த்தாள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். நப்பின்னை செவிலியர், பனிக்கட்டி வைத்த மருந்துப் பெட்டியைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு காரவள்ளி அடிவாரத்தில் ஏறி, எழுபது வளைவுகளையும் கடந்து செம்மேட்டுக்குப் போவாள். போவதற்கு முன் செயினை ஒரு பார்வை பார்ப்பது பூங்கோதையின் வழக்கம். பேத்தி இருந்தால் பள்ளிச் சீருடையைச் சரிபார்த்திருப்பாள், மகள் இன்னும் மணமே வேண்டாம் என்று நிற்பதால் செயினைச் சரிபார்க்கிறாள் என்று எதிர்வீட்டில் பேசிக்கொள்வார்கள். இன்றைக்குப் பார்த்தபோது தகடு இருந்தது, மீன் இல்லை. எங்கே விழுந்ததோ. மெக்கானிக் கதிர்வேல் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தான், கடைக் கதவு சாத்தியிருந்தது. "பஸ்ல போயிக்கறேன், விடும்மா" என்றாள் நப்பின்னை. அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருக்க வேண்டும். ஆனால் தையல் மெஷின் இழுப்பறையில் புது லாக் ஒன்று பொட்டலம் பிரிக்காமல் கிடப்பது பூங்கோதைக்குத் தெரியும். வைத்த இடம் தெரிந்த பொருளைப் பயன்படுத்தாமல் விடுவது அவளால் இயலாத காரியம். "நானே மாட்டுகிறேன்" என்றாள். மகள் சிரித்தாள். "நீ மாட்டினா சரியாத்தான் இருக்கும். சாப்பாட்டு இலையையே ஸ்கேல் வெச்சு நறுக்கற ஆளாச்சே." அந்தச் சிரிப்பு, அந்த நம்பிக்கை. குனிந்து பார்க்கக்கூட இல்லை அந்தப் பெண். அம்மா மாட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்று தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

கைப்பேசியை எடுத்து அழைத்தாள். நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள், வீடு பற்றி எரியும்போது வானிலை வாசிப்பவள் போல. தொடர்பு எல்லைக்கு வெளியே என்றால் ஏற்றம் தொடங்கிவிட்டது என்று பொருள். மறுபடி அழைக்கலாமா? நடுவளைவில் எங்கேனும் சிக்னல் கிடைத்து மணி அடித்து, எடுக்கப் போய் அவள் கை தடுமாறினால்? வண்டி ஓட்டும்போது பேசக் கூடாது என்று எத்தனை முறை கண்டித்திருக்கிறாள்; கண்டித்ததை மகள் மதிப்பாள், எடுக்க மாட்டாள்; எடுக்க மாட்டாள் என்றால் அழைத்துத்தான் என்ன பயன்? கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்த்தி வைத்தாள். ஏற்றத்தில் செயின் அறுந்தால் இழுவை போகும், அவ்வளவுதான், பிரேக் இருக்கிறது, காலை ஊன்றி நிறுத்திவிடலாம். அவ்வளவுதான் என்பது பாதி உண்மை. அறுந்த செயின் சும்மா விழாது. சாட்டை போலச் சுழன்று முன்பல்சக்கரத்தில் சிக்கிச் சுருண்டால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், வளைவில் பூட்டிக்கொண்டால் வண்டி கைப்பிடிச் சுவரைத் தேடிக்கொண்டு போகும். இதையும் பிலோமினாதான் சொன்னாள். எல்லாவற்றையும் அவள்தான் சொன்னாள். சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாக மொச்சை பிதுக்கியிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. அது நன்றி கெட்ட எண்ணம் என்று உடனே அதைத் திருத்தினாள். சொல்லாமல் இருந்திருந்தால் மீன் காணாமல் போனதே தெரிந்திராது. மகள் வெறும் தகட்டோடு ஏறிப் போயிருப்பாள்.

கதிர்வேல் போன மாதமே சொன்னான். "டீச்சர், லாக்குனாலே வீக்குதான். ரிவிட் அடிச்சு உட்டரட்டுங்களா? அப்புறம் தெறக்கவே தெறக்காது, நீங்களும் வாரா வாரம் கண்ணாடிய மாட்டிக்கிட்டு உத்துப் பாக்க வேண்டியதில்ல." அடிக்கச் சொல்லியிருக்கலாம். ஏன் மறுத்தாள்? திறக்கவே திறக்காது என்ற சொல் அவளை உறுத்தியது. திறக்காதது வலிமையா? நடுமலையில் செயின் அறுந்துவிட்டால் ரிவிட்டைத் திறக்க ஆள் வேண்டும், கருவி வேண்டும், கீழே இறங்க லாரி வேண்டும். லாக் என்றால் ஒரு குறடு போதும், குறடும் இல்லையென்றால் பிலோமினாவின் கத்தரிக்கோல் நுனி போதும். எது நம்பத் தகுந்தது, நம்மால் பார்க்க முடியாதபடி அடித்து மூடியதா, வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டியதா? பார்த்துக்கொள்ள வேண்டியதைத்தான் அவள் வாழ்நாள் முழுவதும் நம்பி வந்திருக்கிறாள்: பால் அடுப்பை, பிள்ளைகளின் கையெழுத்தை, இதய நோய் வந்த பிறகு கணவருடைய மூச்சை. மூச்சு ஒரு விடியலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குக் குறையில்லை. இன்றைக்குக் குறை அவளுடைய பார்வையிலேயே. தலை பின்சக்கரத்தைப் பார்த்தது. பார்த்தது. எத்தனை முறை நினைத்தாலும் அந்தப் படம் மாறவில்லை.

மலைப்பள்ளிக் காலத்தில் செயின் அறுந்த அன்றைக்கு, அவளும் பிலோமினாவும் வண்டியில் இருந்தார்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நாள். அதிகாலைப் பேருந்து வராமல் போகவே, "ஏறுங்க புலவரம்மா, மணி அடிக்கறதுக்குள்ள கொண்டுபோய் எறக்கறேன்" என்று பிலோமினா பின்னிருக்கையைத் தட்டிக் காட்டினாள். பூங்கோதை கஞ்சி போட்ட சேலை மடிப்பு கலையாமல் ஒரு பக்கமாக உட்கார்ந்து, இறைவணக்கப் பாடலை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். ஏதோ ஒரு வளைவில் படீரென்று ஒரு சத்தம். இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. நகரவில்லை என்று நினைப்பதற்குள் பிரேக்கையும் மீறிப் பின்னுக்கு நகர்ந்தது. "குதிங்க! கல்லு! கல்லு!" பூங்கோதை குதித்தாள். தார்ச்சாலை ஓரத்தில் கிடந்த பாறைத்துண்டை இரு கையாலும் புரட்டிப் பின்சக்கரத்தின் கீழே வைத்தாள். சக்கரம் கல்லில் மோதி நின்றது. அதற்குப் பின்னால் சாலை கொஞ்சம்தான் இருந்தது, அதற்கும் பின்னால் மூடுபனி மட்டும் இருந்தது. பிலோமினா இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே சிலுவைக் குறி போட்டாள், பிறகு, "கல்லு வெக்கறதுல நீங்கதான் கெட்டிக்காரி. வாத்தியார் வேலைக்கு எதுக்கு வந்தீங்க, ரோடு போடப் போயிருக்கலாமே?" என்றாள். இருவரும் சிரித்தார்கள். பிலோமினாவின் கைப்பையிலிருந்து தையல் விரலுறை வைக்கிற தகரச் சிமிழ் ஒன்று வெளியே வந்தது. அதற்குள் விரலுறைக்குப் பதில் புது லாக் இருந்தது. செயினைப் பிடிக்கப் பூங்கோதை, முளைகளை நுழைக்கப் பிலோமினா. கடைசியில் கிளிப். "நீங்களே மாட்டுங்க. என்னைக்காச்சும் உதவும்." "எனக்கு எதற்கு உதவும்? நான் வண்டி வாங்கப் போவதில்லை." "வாங்காட்டிப் போறீங்க. மீனோட தலை முன்னாடி. அமுக்குங்க. இன்னும்." டக்கென்று ஒரு சத்தம் வந்தது. இவள் விரலின் மேல் அவள் விரல். அந்த டக் இன்றைக்குக் காலையிலும் வந்தது. அதே டக். ஆனால் டக்கென்ற சத்தத்துக்குத் திசை கிடையாது.

அதற்குப் பிறகு பிலோமினா ஏதோ சொன்னாள். கிளிப்பைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். பூங்கோதை கேட்டாளா? அந்த இடத்தில்தான் நினைவு தடுக்குகிறது. பூங்கோதை அப்போது சேலையில் பட்ட மசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; பிலோமினா சொல்லிக்கொண்டே வந்து, "லாக்கு ரெண்டே முக்கா ரூபா ஆச்சு, புதுசு. அதை மட்டும் குடுத்துருங்க" என்று முடித்தாள். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் பூங்கோதையின் காதில் நன்றாக விழுந்தது. "வண்டி உங்களுடையது, பழுதும் உங்களுடையது. குடியிருப்பவர் கூரை ஓட்டுக்குக் காசு கொடுப்பதில்லை, டீச்சர்." "அய்யோ சாமி, கூரைக்கும் செயினுக்கும் என்ன சம்பந்தம்? நான் ஒருத்தியா இருந்திருந்தா அப்படியே உருட்டிக்கிட்டு கீழ போயிருப்பேன். உங்க இறைவணக்கத்துக்காகத்தான் மாட்டினது." பள்ளி வாசல் வரைக்கும் வழக்கு நடந்தது. அதற்குப் பிறகும் நடந்தது. மாறுதலாகிப் பிரிந்த பிறகும், ஓய்வு பெற்ற பிறகும், ஒவ்வொரு கிறிஸ்துமஸ் வாழ்த்திலும் கடைசி வரியாக அந்தத் தொகை வரும், ஒவ்வொரு பொங்கலுக்கும் பூங்கோதை அதை மறுத்து எழுதுவாள். கொடுத்துவிட்டால் வழக்கு முடிந்துவிடும். முடிந்துவிட்டால் எழுத என்ன இருக்கும் என்று இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாக்கியத்துக்கு முந்தைய வாக்கியம் என்ன? மசியைப் பார்த்துக்கொண்டு எதைக் கேட்காமல் விட்டாள்?

எழுந்து கூடத்துக்கு வந்தாள். மூலையில் தையல் மெஷின், பிலோமினா தேர்ந்தெடுத்து வாங்கிக்கொடுத்தது. லாக் எடுத்த இழுப்பறை இன்னும் திறந்தே கிடந்தது. அதை மூடப் போன கை நின்றது. பெரிய சக்கரத்திலிருந்து சின்னச் சக்கரத்துக்குத் தோல் பெல்ட் ஒன்று ஏறி இறங்கியது. முன்பக்கம் ஒரு வடம், பின்பக்கம் ஒரு வடம். சின்னச் சக்கரம், பெரிய சக்கரம், இரண்டையும் சுற்றிவரும் ஒன்று. பூங்கோதை அலமாரியில் துழாவிச் சுண்ணக்கட்டி எடுத்தாள். ஓய்வு பெற்ற பின்னும் வீட்டில் சுண்ணக்கட்டி இல்லாமல் இருந்ததில்லை. கறுத்த தோலின் முன்வடத்தில், மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று வரைந்தாள். நேராக இல்லை, வாழ்க்கையில் முதல் முறையாக அதை அழித்துத் திருத்தவில்லை. சக்கரத்தை மெல்லச் சுற்றினாள். அம்பு ஏறியது. மேலே போய்ச் சின்னச் சக்கரத்தின் தலையைச் சுற்றி வளைந்தது, மறைந்தது. குனிந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே அம்பு கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தது. திரும்பச் சுற்றினாள். முன்னே மேல்நோக்கி. பின்னே கீழ்நோக்கி. அம்பு மாறவே இல்லை. எப்போதும் தன் முகம் போகும் வழியில்தான் போயிற்று. வழிதான் வளைந்து திரும்பியது.

அப்போது அந்த வாக்கியம் வந்தது. பனியோடும் மசி வாசனையோடும், சற்றே கரகரத்த குரலோடும் முழுசாக வந்தது. "மேல்வரிசையில இருக்கும்போது தலை இன்ஜினைப் பாக்கும். கீழ வரும்போது தலை பின்சக்கரத்தைப் பாக்கும், தப்பா மாட்டிட்டமோன்னு பயந்துக்காதீங்க. மீனு திரும்பி வர வேண்டாமா? ஒரே பக்கமா நீந்திக்கிட்டே இருந்தா கடலுக்குப் போயிராதா?" பூங்கோதை மெஷின் முக்காலியில் உட்கார்ந்தாள். காலையில் வண்டியை நடுஸ்டாண்டில் நிறுத்தி, சாக்கை விரித்து, கன்னம் தரையைத் தொடும் அளவுக்குச் சாய்ந்துதான் மாட்டினாள். ஆரக்கம்பிகளின் வழியே எதிர்வீட்டுக் கோழியின் கால்கள் நடந்து போனது தெரிந்தது. கோழியின் கால் தெரிந்ததென்றால் கீழ்வரிசை. மேல்வரிசை செயின் கவருக்குள் அல்லவா ஓடுகிறது, அதில் எப்படி மாட்டியிருக்க முடியும்? கீழ்வரிசை, தலை பின்சக்கரத்தைப் பார்த்தது, சரி. சரி. சரியென்று சிவப்பு மையால் ஒரு கோடு போட வேண்டும் போலிருந்தது. தலை மறந்ததை விரல் மறக்கவில்லை. இத்தனை ஆண்டும் விரலுக்குள் இன்னொருத்தியின் விரல் இருந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். கண்ணாடி அணியாத கண்ணுக்குக் கூடமும் மெஷினும் அம்புக்குறியும் பனிக்குள் போனதுபோல மங்கின. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கவிட்டாள்.

ஆனாலும் அறிவு தெளிந்துவிட்டால் அச்சம் போய்விடுமா? புதிய லாக்கே பழுதாக இருந்தால்? முளையில் முழுசாக உட்காராமல் இருந்தால்? டக் வந்ததே. டக் வந்தது. மொச்சையிடம் திரும்பினாள். ஒரு பருப்பு, ஒரு வளைவு. ஒரு பருப்பு, ஒரு வளைவு. தோல் ஒரு குவியல், பருப்பு ஒரு குவியல் என்று பாத்திரம் பிரிந்துகொண்டிருந்தபோது மணி அடித்தது. "அம்மா, வந்துட்டேன். நீ கூப்ட்டன்னு மெசேஜ் வந்துருக்குது. என்னாச்சு, நெஞ்சு வலிக்குதா?" "வலிக்கவில்லை. லாக் இருக்கிறதா பார்." "என்னது?" "செயினில். மீன் இருக்கிறதா பார்." "அம்மா, இங்க புள்ளைங்க வரிசையா நின்னு அழுவுது, நீ மீன் இருக்கான்னு கேக்கற." "பார், பின்னை." பெருமூச்சு, செருப்புச் சத்தம், வண்டியை உருட்டும் சத்தம், தூரத்தில் யாருடைய குழந்தையோ ஊசிக்கு முன்பே வீறிட்டது. "இருக்குது. ஸ்ட்ராங்கா இருக்குது. மேல, கவர் ஓரத்துல. ரவுண்டா இருக்கற பக்கம் இன்ஜினைப் பாத்துக்கிட்டு. போதுமா?" "போதும்." "அழறியா?" "மொச்சை பிதுக்குகிறேன்." "வெங்காயம்னா நம்பலாம்மா, மொச்சைக்கு யாரு அழுவா?" என்று வைத்துவிட்டாள்.

பூங்கோதை கையைக் கழுவினாள். முந்தானைக் கறையை மட்டும் கழுவவில்லை. இராசிபுரத்தில் பிலோமினா ஓய்வுக்குப் பின் நடத்தும் தையற்கடைக்கு அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் அவள், பின்னணியில் மெஷின் கடகடத்தது. "என்னங்க புலவரம்மா, பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்குதே, அதுக்குள்ள மறுப்புக் கடுதாசியா?" "கடைக்குள்தான் இருக்கிறீர்களா?" "வேற எங்க, பிஷப் வீட்டுலயா இருப்பேன்? ஜாக்கெட்டுக்குக் கை தெச்சுக்கிட்டிருக்கேன்." "பணம் வந்தால் பேசுகிற பெட்டி ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அது பக்கத்தில் இருக்கிறதா?" "இருக்குது. எதுக்குங்க?" "அழைப்பை வைத்துவிடாதீர்கள். பின்னை இன்றைக்கு மலை ஏறிச் சேர்ந்துவிட்டாள்." "புதன்கிழமைன்னா ஏறத்தானே செய்வா?" "நான் மாட்டிய லாக்கில் ஏறினாள்." மறுமுனையில் மெஷின் நின்றது. பிறகு மெதுவாக, "மீனு எந்தப் பக்கம் பாத்துது?" என்றாள் பிலோமினா. "இரண்டு பக்கமும்" என்றாள் பூங்கோதை. அந்தக் கரகரத்த சிரிப்பு வெடித்து, இருமலாகி, மறுபடி சிரிப்பானது. அது அடங்குவதற்குள், பால்காரருக்குப் பணம் அனுப்ப நப்பின்னை சொல்லிக்கொடுத்த முறைப்படி, பெயரைத் தேடி, எண்களைத் தட்டி, புள்ளியை வைக்க மறக்காமல் வைத்து, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, பூங்கோதை அழுத்தினாள். அங்கே, வெட்டிய துணிகளுக்கு நடுவே, அந்தப் பெட்டி கடை முழுக்கக் கேட்கும்படி கணீரென்று அறிவித்தது: இரண்டு ரூபாய் எழுபத்தைந்து பைசா பெறப்பட்டது.